லோர்னாவின் சோளமணி

கண்காட்சி வாசலில் ஆளுக்கொரு மக்காச்சோள மணி கொடுத்தார்கள். குடியரசுக் கட்சியின் உள்தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் கவுண்டியில் அதுதான் வழக்கம். பிடித்த வேட்பாளரின் படம் ஒட்டிய கண்ணாடி ஜாடியில் மணியைப் போட்டுவிட்டுப் போகலாம். விளையாட்டுதான். ஆனால் கான்சாஸில் எங்கள் பக்கத்து வேட்பாளர்கள் யாரும் அந்த இரவு ஜாடியை நினைக்காமல் தூங்கியதில்லை.

வெண்டல் ஷ்ராக் நான்கு முறை மாநில சபைக்குப் போனவர். வரியைக் குறைக்க வேண்டும், சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்ற இரண்டு நம்பிக்கைகளோடு அரசியலுக்கு வந்தவர். இப்போது தன் ஜாடியைப் பார்க்காமலிருக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தார். அதில் அடிக்கண்ணாடி இன்னும் தெரிந்தது. எப்போதாவது ஒரு மணி விழுந்தால் ‘டிங்’ என்று தனியாகக் கேட்டது. பக்கத்து ஜாடியில் சத்தமே இல்லை. மணிகள் மணிகள்மேல் விழுந்தன, மழை மண்ணில் விழுவதுபோல. அது டிராய் மக்கேபின் ஜாடி.

டிராய் வைக்கோல் வண்டி மேடையில் நின்றிருந்தான். டிராக்டர் விற்பவன். பள்ளிக் கால்பந்தாட்டங்களுக்கு மைக் பிடித்துப் பழகிய குரல்.

“வீட்டுக் கிணத்துல மீட்டர் மாட்டப் போறாங்க! ராத்திரி எந்திரிச்சு பாத்ரூம் போனீங்கன்னா, தலைநகர் டோபிகால ஒரு அதிகாரி பேனாவோட உக்காந்திருப்பான். ரெண்டாவது தடவை போனா அபராதம்! என் மாமனாருக்கு எழுபத்தி நாலு வயசு. அவர் பண்ணையையே வித்தாகணும்!”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. வெண்டலின் அருகே அவர் மனைவி லோர்னாவும் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டை தெரிய. கல்யாணமான புதிதில் அந்தச் சிரிப்பு வெண்டலுடையதாக இருந்தது. பிறகு எங்கே போயிற்று என்று அவர் தேடியதில்லை. அது இங்கே, இன்னொருவன் குரலுக்காகக் காத்திருந்ததுபோல் வந்து நின்றது.

“அப்படி ஒரு மசோதாவே கிடையாது” என்றார்.

“தெரியும். மாமனார் கதை நல்லா இருந்துச்சு, அதுக்குச் சிரிச்சேன். நீ மேடையில ஒரு தடவையாவது ஜோக் சொல்லியிருக்கியா?”

“நான் பட்ஜெட் பத்திப் பேசுறவன்.”

“அதான் பாதிப்பேர் தூங்கிடறாங்க” என்று அவர் முழங்கையை இடித்தாள்.

அப்போது பக்கத்துச் சாலைப் பண்ணையின் கெய்லி, தோளில் கைக்குழந்தையோடு வந்தாள். “திங்கக்கிழமை வர்றீங்கதானே மிஸஸ் ஷ்ராக்? பாப்பாவுக்கு அந்தத் தண்ணியிலதான் பால்மாவு கலக்கறேன்.”

“காலையிலயே வந்துடறேன். வசந்தத்துல நைட்ரேட் அபாயக் கோட்டைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. உரம் போட்டப்புறம் ஏறியிருக்கலாம். முடிவு வர்றவரைக்கும் கடைத்தண்ணி வாங்கிக்கோ.”

“ரொம்ப தேங்க்ஸ். சின்னதுக்கு மூச்சு முட்டி உடம்பு நீலமாயிடும்னு நீங்க சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல.”

லோர்னா கவுண்டி சுகாதார அலுவலகத்தில் கிணற்றுநீர் பார்ப்பவள். நீல மூடி போட்ட அவளுடைய சின்ன பாட்டில்கள் தினமும் இரவு சமையலறை மேடையில் கழுவிக் காய்ந்துகொண்டிருக்கும். வெண்டல் காபி போடும்போது அவற்றை ஓரமாக நகர்த்துவார்.

தன் முறைக்கு முன்னால் வெண்டல், தேவாலயப் பெண்களின் பியராக் பன் கடைக்குப் பின்னால் போனார். டிராய் அங்கே நின்று, முட்டைக்கோசும் கறியும் அடைத்த சூடான பன்னை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தான்.

“அந்த மீட்டர் கதை எங்க கிடைச்சுது டிராய்?”

“என் டிரக்ல. வழியில வர்றப்ப.” வாயைத் துடைத்துக்கொண்டான். “முறைக்காதீங்க பெரியவரே. யாரும் அதை நம்பல. நம்புறது ஜாலியா இருக்கு, அவ்ளோதான். தங்களுக்காக ஒருத்தன் கோவப்படறான்னு அவங்களுக்கு ஒரு சந்தோஷம்.”

“நான் மேடையில ஏறி இது பொய்னு சொல்லப் போறேன்.”

“சொல்லுங்களேன். வெளியூர்லேர்ந்து நம்ம கட்சி ஆளுங்க வந்து, வோட்டுப் பெட்டி திருட்டு, அது இதுன்னு கத்துனாங்களே, அப்ப சொன்னீங்களா? மேடையில பின்வரிசையில கைகட்டி நின்னீங்க. நான் பாத்தேன். அவங்க போட்ட பொய்க் குழாய்லதான் நான் மீட்டர் மாட்டிருக்கேன்.”

டிராய் சொன்னது உண்மை என்பதைவிட, அதையும் இவ்வளவு அழகாகச் சொல்கிறானே என்பதுதான் வெண்டலை உறுத்தியது.

வைக்கோல் வண்டியில் ஏறியதும் உண்மையிலிருந்துதான் தொடங்கினார். “நண்பர்களே, மீட்டர் பத்தி எந்த மசோதாவும் இல்ல. சபைக் குழுவுல நான் உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியும்.” யாரோ லெமனேடுக்கு எழுந்து போனார். ஒரு பெண் கைபேசியை எடுத்தாள். டிராய் ஓரத்தில் நின்று மரியாதையாகக் கைதட்டினான். லோர்னா பக்கம் குனிந்து ஏதோ சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெண்டல் அதைப் பார்த்தார். அந்தக் கைக்குப் பின்னால் சிரிப்பு இருப்பது அவருக்குத் தெரிந்தது.

“மீட்டர் இல்ல” என்றார் மறுபடியும். குரல் தானாக உயர்ந்தது. “மீட்டர்னு டிராய் சொல்றது சின்ன விஷயம். அவங்க ஏற்கெனவே வந்தாச்சு! உங்க முற்றத்துக்கே வந்தாச்சு!”

லெமனேடுக்குப் போனவர் நின்றார்.

எதைச் சொல்வது என்று வெண்டல் தேடினார். கையில் பிடிக்கும்படியான ஏதாவது ஒன்று வேண்டும். தினமும் பார்க்கும் பொருள்தான் நாக்கில் வந்தது.

“சிரிச்ச முகத்தோட வருவாங்க. கையில சின்ன பாட்டில் இருக்கும். நீல மூடி! தண்ணி நல்லா இருக்கான்னு பாக்கறோம்பாங்க. அந்த பாட்டில் எங்க போகுது? ஏன் இலவசமா செய்யறாங்க? நாளைக்கு உங்க கிணத்துக்குச் சீல் வைக்க அந்த பாட்டில் போதும்!”

அவர் வாழ்நாளில் கேட்டிராத சத்தம் எழுந்தது. தொப்பிகள் பறந்தன. “சொல்லு வெண்டல்! சொல்லு!” என்று ஒருவன் பெஞ்சில் ஏறிக் கத்தினான். அது வெதுவெதுப்பான தண்ணீர்போல அவர்மேல் கொட்டியது. இதில்தான் டிராய் இத்தனை நாள் தனியாகக் குளித்துக்கொண்டிருந்தானா?

கீழே இறங்கும்போது அவர் கண் லோர்னாவைத் தேடியது. கேட்டிருப்பாள். பார்த்திருப்பாள்.

லோர்னாவின் முன்னால் கெய்லி நின்றிருந்தாள். குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, தரையைப் பார்த்துப் பேசினாள். “திங்கக்கிழமை வேணாம் மிஸஸ் ஷ்ராக். என் வீட்டுக்காரர் வேணாங்கறார். கேட்டைப் பூட்டிடுவாராம்.”

“கெய்லி, என்னைத் தெரியாதா உனக்கு?”

“தெரியும். ஆனா உங்க வீட்டுக்காரரே சொல்றாரே.”

அவள் போய்விட்டாள். வெண்டல் அருகில் வந்தார். “லோர்னா, நான் போய் அவகிட்ட பேசறேன். அது சும்மா ஒரு...”

“ஜோக்கா?”

“கூட்டம் கையை விட்டுப் போச்சு. நீயும் அவனோட சிரிச்சுக்கிட்டிருந்தே.”

லோர்னா அவரை நேராகப் பார்த்தாள். “அவன் என்ன சொன்னான் தெரியுமா? உன் டையில கடுகு சாஸ் ஒட்டியிருக்குன்னு. நீ இறங்கினதும் துடைச்சுவிடணும்னு நின்னுக்கிட்டிருந்தேன்.”

வெண்டல் குனிந்தார். மஞ்சளாக ஒட்டியிருந்தது.

“அவனோட பொய்யில இருக்கறவனுக்கு முகம் கிடையாது” என்றாள் லோர்னா. “டோபிகால எவனோ ஒருத்தன். உன் பொய் என் பாட்டிலோட வந்துச்சு.”

அவளுடைய மணி இன்னும் கையில் இருந்தது. வெண்டலுக்காகத்தான் வைத்திருந்தாள். இரு வேட்பாளர்களும் பேசி முடித்த பிறகு போடுவதுதான் அவள் பழக்கம். ஜாடிகளின் பக்கம் நடந்தாள். வெண்டலின் ஜாடியைச் சுற்றிக் கூட்டம் முண்டியடித்தது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு போய், டிராயின் ஜாடியில் தன் மணியைப் போட்டாள். பிறகு காருக்குப் போனாள். சாவி அவளிடம்தான் இருந்தது.

மாலைக்குள் வெண்டலின் ஜாடி நிரம்பி மேஜையெல்லாம் சிதறியது. தோளில் தட்டினார்கள், படம் எடுத்தார்கள். கெய்லியின் கணவன் வந்து கையைக் குலுக்கினான். “நல்ல வேளை சொன்னீங்க சார்” என்றான். வெண்டல் வாயைத் திறந்தார். பின்னாலிருந்து யாரோ மறுபடியும் ஆரவாரம் செய்தார்கள். வாய் மூடிக்கொண்டது, புன்னகையாக.

அவர் கண் மட்டும் பக்கத்து ஜாடியில் இருந்தது. லோர்னாவுக்குப் பிறகு அதில் யாரும் மணி போடவில்லை. அவளுடையது மேலே, ஓரத்தில், கண்ணாடியில் சாய்ந்து கிடந்தது.

டிராய் வந்து தன் ஜாடியை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டான். “ஜெயிச்சிட்டீங்க பெரியவரே. இனிமே நான் உங்ககிட்டதான் கத்துக்கணும்.” கண்ணடித்துவிட்டு நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் மணிகள் மெல்லக் குலுங்கின. அந்த ஒன்று உள்ளே சரிந்து மற்றவற்றோடு கலக்கும்வரை வெண்டல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.