ஒண்ணு போதும்

அந்தச் செருப்புக் கடைக்கு வாசற்படி கிடையாது. இணையத்தில் மட்டுமே வியாபாரம். எந்தச் செருப்பை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது, வருகிறவர் ஒரு சொல்லைத் தட்டினால் எதையெல்லாம் எடுத்துக் காட்டுவது என்று ஒழுங்கு செய்வது அவள் வேலை. ஆபீஸில் அவளுக்குப் 'பட்டியல்' என்றே பேர் விழுந்துவிட்டது. "பட்டியலு, மழைக்குப் போடறத எங்க கொண்டு ஒளிச்சே?" என்று முதலாளியம்மா அறைக்குள்ளிருந்தே குரல் கொடுப்பாள்.

திங்கட்கிழமை காலையில் அவளுக்கு முதல் வேலை ஒன்று உண்டு. ஆட்கள் தேடி, ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போன சொற்களைக் கணினி வரிசையாகக் கொடுக்கும். அதைப் படிக்க வேண்டும். பாதி எழுத்துப் பிழை. மீதியில் சிரிப்புக்குக் குறைவிருக்காது. 'மாமியார் குறை சொல்லாத செருப்பு' என்றுகூட ஒரு புண்ணியவதி தேடியிருக்கிறாள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் சிரிக்கவில்லை. 'இடது மட்டும்' என்று ஒருவர் தேடியிருந்தார். அவரே அடுத்த நிமிடம் 'ஒத்தக்கால் ஷூ'. பிறகு 'இடது ஒன்பதாம் நம்பர் ஒன்று'. பத்து நிமிடத்துக்குள் ஆறு விதமாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். பழைய மாதங்களைப் புரட்டினாள். இடதோ வலதோ, ஒற்றையாகத் தேடியவர்கள் முப்பத்தொரு பேர்.

அவள் கணவனுக்கு வலது கால் கிடையாது. லாரி ஓட்டினவன். நாலு வருஷத்துக்கு முன்னால் சரக்கு இறக்கும்போது இன்னொரு வண்டி பின்னால் வந்து நசுக்கியதில் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. செயற்கைக் கால் ஒத்துக்கொள்ளவில்லை. கக்கத்துக் கட்டைகளை ஊன்றித்தான் நடை. இப்போது அதே கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி போனில் டிரைவர்களுக்கு வழி சொல்கிறான். பாரமெல்லாம் ஒரே காலில் விழுவதால் இடது ஷூ சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஜோடி வாங்கி, புது வலது ஷூவை அவன் கண்ணில் படாமல் பீரோவுக்கு மேலே போட்டுவிடுவாள். அந்த வீட்டில் குடியிருந்துகொண்டு, இந்த வேலையையும் பார்த்துக்கொண்டு, இது தன் மண்டையில் ஏறவே இல்லையே என்று நொந்துகொண்டாள்.

முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

"ஒத்தையா வித்தா, மிச்ச ஒத்தைய நான் காதுலயா மாட்டிக்கறது?" என்றாள் முதலாளியம்மா.

கையெழுத்து வாங்க வந்து நின்ற கிடங்குக்காரர், "மிச்சம் இப்பவே கிடக்கும்மா," என்றார். "ஜோடியில ஒண்ணு கிழிஞ்சு வந்தது, ஒண்ணு நம்பர் மாறி வந்தது. நாலு மூட்டை இருக்கு. தூக்கிப் போட மனசு வராம வச்சிருக்கேன்."

முதலாளியம்மா கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினாள். "சரி, செஞ்சு பாரு," என்றாள்.

நான்கே நாளில் ஒரு தனிப் பக்கம் தயாராயிற்று. மேலே சக்கர நாற்காலிப் படம். 'மாற்றுத்திறனாளிகளுக்காக' என்று தலைப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மடிக்கணினியை அவன் முன்னால் வைத்தாள்.

"உங்களுக்கு ஒரு ஷூ இருக்கு. கண்டுபிடிங்க பாக்கலாம்."

அவன் தேடினான். ஆண்கள், பெண்கள், குழந்தைகள், விளையாட்டு என்று இறங்கி இறங்கி, கடைசியில் 'இதர' என்ற தலைப்புக்குள் நுழைந்தான். பாலீஷ், பிரஷ், கயிறு. அதற்கும் கீழே அந்தப் பக்கம். கொஞ்ச நேரம் பார்த்தான். கணினியை மூடி அவள் பக்கம் தள்ளினான்.

"என்னங்க?"

"பாலீஷுக்குக் கீழ வச்சிருக்கே என்னை."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆசையா செஞ்சேங்க."

"தெரியுது. எல்லாரும் ஆசையாத்தான் செய்யறாங்க. எங்க போனாலும் எனக்குன்னு ஓரமா ஒரு நாற்காலி. எனக்கு வேணும்கிறது ஆம்பளைங்க போடற ஷூவுல ஒண்ணு. அதுக்கு எதுக்குத் தனி ஊரு?"

"இத்தனை நாள்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டியா?"

அவள் கேட்கவில்லை. கேட்டால் அவனுக்கு வலிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வாயைத் திறக்காமல் ஜோடி ஜோடியாக வாங்கிக்கொண்டிருந்தாள். அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றாள். பிறகு திரும்பி வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்ப எங்கதான் வைக்கணும்? நீங்களே சொல்லுங்க."

"நம்பர் கேக்கறீங்கல்ல, நிறம் கேக்கறீங்கல்ல, அங்கயே இதையும் கேளு. ரெண்டுமா, இடதா, வலதா. எல்லாரையும் கேளு."

அவள் நோட்டை எடுத்துக்கொண்டாள். தேடும்போது கணினிக்குப் புரிய வேண்டிய சொற்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒத்தை, ஒற்றை, ஒரு கால், ஒத்தக்கால், லெப்ட், ரைட்.

"'ஒண்ணு போதும்'னு ஒண்ணு சேத்துக்க," என்றான்.

"அப்படியெல்லாம் யாருங்க தட்டுவாங்க?"

"நான் தட்டினேன். உங்க கடையிலதான். ரெண்டு வருஷம் இருக்கும்."

பேனா அப்படியே நின்றது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாலும் திங்கட்கிழமைகளில் அவள்தான் அந்த வரிசையைப் படித்தாள். அவன் தட்டியதும் அதில் வந்திருக்கும். படித்திருப்பாள். ஒருவேளை சிரித்திருப்பாள். எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அதுதான் அவளை உலுக்கிவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"விடு," என்றான் அவன். "எழுதிக்க."

எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அந்தத் தனிப் பக்கத்தை எடுத்துவிட்டாள். "வர்றவங்களையெல்லாம் நிறுத்தி வச்சு எத்தனை கால்னு கேப்பியா?" என்று முதலாளியம்மா சீறினாள். 'இரண்டும்' என்பது முதலிலேயே குறிக்கப்பட்டிருக்கும், வேண்டியவர்கள் மட்டும் மாற்றிக்கொள்வார்கள் என்று விளக்கிய பிறகுதான் தணிந்தாள். கிடங்குக்காரர் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டி, ஒவ்வொன்றாகத் துடைத்து நம்பர் போட்டார். முதல் வாரத்தில் பதினொரு பேர் வாங்கினார்கள். அதில் ஒருவன் அவள் கணவன்.

அவன் அவளிடம் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூரியர்காரர் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. பழுப்பு நிறம், ஒன்பதாம் நம்பர், கயிறு கட்டுகிற வகை. நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, தானே கட்டிக்கொண்டான். கட்டைகளை எடுத்தான்.

"தெருமுனை வரைக்கும் போயிட்டு வரேன்."

"நானும் வரட்டுமா?"

"வாயேன்."

வெயில் ஏறாத நேரம். இருவரும் நடந்தார்கள். முனை திரும்பும் இடத்தில் அவன் நின்று ஷூவைக் குனிந்து பார்த்தான்.

"குதிகால்ல கடிக்குது. மாத்திக் குடுப்பீங்களா?"

"ஏழு நாளைக்குள்ள அனுப்பணும்," என்றாள்.

"ஒன்பதரை இருக்குமா?"

"பாக்கணும்," என்றாள் அவள்.