முனியாண்டிக்கு நேர்ந்த சேவல்

கலாராணி வேலைக்குக் கிளம்பும் முன்பே ஒரு தரம் களைத்துப்போவாள். குழாய் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. வாளியோடு கதவைத் திறந்தால் போதும், வேலியோரத்திலிருந்து அந்தச் சேவல் ஒரு பக்க இறக்கையைச் சாய்த்துக்கொண்டு ஓடி வரும். முதலில் கணுக்காலைக் கொத்தியது. பிறகு எகிறிப் பாய்ந்து கால் முள்ளால் கீறப் பழகிக்கொண்டது. வாளியை முன்னால் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்து, பாதித் தண்ணீரைச் சிந்திவிட்டு உள்ளே வந்து சேருவாள். அதற்குப் பிறகுதான் கலஹாவிலிருந்து பேராதனைக்கு பஸ், அங்கிருந்து பிலிமத்தலாவைக்கு இன்னொரு பஸ், துணிக்கடையில் பொழுது சாயும் வரை நின்ற நிற்பு.

வேறு சேவலாக இருந்தால் என்றைக்கோ குழம்பாகியிருக்கும். இது முனியாண்டி சாமிக்கு நேர்ந்துவிட்டது. அவள் கணவன் நிரஞ்சனுக்குக் கட்டார் விசா கிடைத்தால் சேவல் கொடுப்பதாக மாமனார் அழகையா வேண்டிக்கொண்டார். விசா கிடைத்தது, நிரஞ்சன் போனான். குஞ்சாக வாங்கியது திருவிழாவுக்குக் காத்திருந்து காத்திருந்து கொழுத்து, முற்றத்துக்கே சொந்தக்காரனாகிவிட்டது.

“மாமா, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. பக்கத்து வீட்டு கிருஷாந்தியையும் வெரட்டியிருக்கு.”

“நீ பயந்து ஓடுற, அதான் வெரட்டுது. என்னைய ஒண்ணும் செய்யலயே” என்று உள்ளங்கையில் குருணையை வைத்து நீட்டினார். சேவல் சாதுவாக வந்து கொத்தித் தின்றது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொய்யா மரத்தில் கட்டிப் பார்த்தாள். கயிறு காலை அறுக்கிறது என்று மாமனார் அவிழ்த்துவிட்டார். விரட்டினால் ஓடாமல் நில்லு, தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலு தரம் நட, அடங்கிப்போகும் என்றாள் கிருஷாந்தி. அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

நிரஞ்சன் போனில் சிரித்தான். “திருவிழா வரைக்கும் பொறுத்துக்க கலா. சாமி காரியம்.”

“பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள்.

ஒரு நாள் மாலை வேலை விட்டு வந்தபோது அழகையா காலை இழுத்து இழுத்து நடந்தார். கேட்டால் சுளுக்கு என்றார். மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் சுளுக்கு என்றார். ஒரு கெட்ட வாடை வந்த பிறகுதான் அவள் கட்டாயப்படுத்தி அவர் உடுத்தியிருந்த சாரத்தை விலக்கிப் பார்த்தாள். கெண்டைக்காலில் ஆழமாக முள் இறங்கி, சுற்றிலும் வீங்கிச் சிவந்து சீழ் கட்டியிருந்தது. தீனிச் சட்டியை எடுக்கக் குனிந்தவரைச் சேவல் பின்னாலிருந்து பாய்ந்திருக்கிறது. அவருக்குச் சீனி வருத்தம் வேறு, இரத்தத்தில் சர்க்கரை கூடினால் புண் லேசில் ஆறாது.

“ஏன் மாமா சொல்லல?”

“சொன்னா நீ அத ஏதாச்சும் பண்ணிருவ.”

கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். “இவ்வளவு நாளா வீட்டுல யாரும் பாக்கலயா?” என்று மருந்து கட்டிய நர்ஸ் அவளைத்தான் கேட்டாள். கலாராணி மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டினாள்.

மருந்து வாங்கிக்கொண்டு வரும் வழியில் முனியாண்டி கோயில் பூசாரி சந்திரகுமார் சந்தியில் தன் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். மாமனாரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவரிடம் போனாள்.

“அண்ணே, நேந்த சேவல திருவிழாவுக்குத்தான் கொடுக்கணுமா?”

“யார் சொன்னா? எப்ப கொண்டாந்தாலும் சாமி ஏத்துக்கும். இப்ப கோயில்ல வெட்டுறதும் இல்ல, ஏலத்துல விட்டுர்றோம்.”

“முரட்டுச் சேவல்.”

“பொழுது எறங்கி கூட்டுல அடைஞ்சதும் புடிங்க. கண்ணு தெரியாது, சும்மா இருக்கும்.”

இவ்வளவுதானா என்றிருந்தது. எப்போதோ கேட்டிருக்கலாம். கேட்க யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கு நேரமும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் சொன்னாள். அவர் கட்டுப்போட்ட காலைத் தடவிக்கொண்டார். “சரி, கொண்டு போ” என்றார்.

அந்தி மங்கியதும் கூட்டுக்குள் கைவிட்டாள். சேவல் தொண்டைக்குள் ஒரு முனகல் முனகியது, அவ்வளவுதான். காலைச் சேர்த்துக் கட்டி, முந்தானையால் மூடி மார்போடு அணைத்துக்கொண்டு கோயில் மேட்டில் ஏறினாள். இறகுக்கடியில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. விளக்கேற்றிக்கொண்டிருந்த பூசாரி, “யார் பேருல?” என்று கேட்டார். கணவன் பேரைச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள்.

“அழகையா. கால் ஆறணும்.”

திரும்பி வந்தபோது அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

“சத்தம் போட்டுச்சா?”

“இல்ல மாமா.”

“குஞ்சா இருக்கறப்ப குளிருக்கு என் சட்டைப் பைக்குள்ளயே கெடக்கும்” என்றார். அவள் வெந்நீர் வைத்து எடுத்து வந்து, காயக்கட்டைச் சுற்றிப் படிந்திருந்த அழுக்கைத் துடைத்துவிட்டாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டிக் கொடுத்தார்.

போன் அடித்தது. நிரஞ்சன்தான். கலாராணி அதை மாமனாரிடம் நீட்டினாள். “நீங்களே பேசுங்க மாமா, எனக்கு முடியல.” உள்ளே போய்ப் பாயில் சாய்ந்தாள்.

“சேவலா? கோயில்ல விட்டாச்சு” என்று அவர் சொல்வது கேட்டது. அந்தப் பக்கம் மகன் ஏதோ சத்தம் போட்டான். “அவள ஏன்டா ஏசுற? நாந்தான் கொண்டு போகச் சொன்னேன். நேந்தவன் நான், எனக்குத் தெரியாதா?”

மேற்கொண்டு அவர் என்ன சொன்னார் என்று கேட்க நினைத்தாள். அதற்குள் கண் சொருகிவிட்டது.