லேமினேஷன் போட்ட மூலப்பத்திரம்

குடும்பத்தில் யாருக்கு மூலப்பத்திரத்தின் நகல் தேவைப்பட்டாலும் அர்ச்சுனன் வீட்டுக்குத்தான் வர வேண்டும். மூலம் மூத்தவரிடம், நகல் மற்றவர்களிடம். பாகம் பிரித்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். அவர் கைகழுவி, பீரோவைத் திறந்து, பத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பாலக்கரை ஜெராக்ஸ் கடைக்குத் தாமே போவார். கேட்டு வந்தவர் பின்னால் வருவார்.

அதைக் கெடுத்தவள் தம்பி தங்கதுரையின் மகள் பானுமதி. செராமிக் பேட்டையில் சூளை வைத்திருந்த தங்கதுரை அவளுக்குக் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கிக் கொடுத்திருந்தான். பெரியப்பா வீட்டுக் காகிதங்களையும் அவள் சிடியில் ஏற்றிவிட்டாள்.

“பத்திரம், பட்டா, சர்ட்டிபிகேட்டு மட்டும் பேப்பரா இருக்கட்டும் பெரியப்பா. பழைய கரண்டு ரசீதெல்லாம் கடாசிடலாம்.”

“என் பீரோவுல எது இருக்கணும்னு நீ சொல்றியாம்மா?”

அதன்பின் உறவினர்கள் தம்பி வீட்டு வாசலில்தான் செருப்பைக் கழற்றினார்கள். திட்டக்குடியிலிருந்து வந்த தங்கை மகன் அன்புச்செல்வன்கூட அங்கே போய்விட்டு, திரும்பும்போதுதான் இங்கே எட்டிப் பார்த்தான்.

“பிரிண்டு புதுசாட்டம் பளபளன்னு இருக்குது பாருங்க மாமா. உங்களுக்கும் அலைச்சல் இல்ல.”

அலைச்சலாம்!  மறுநாளே அர்ச்சுனன் மூலப்பத்திரத்தை எடுத்துப்போய் லேமினேஷன் போட்டு வந்தார்.

“தம்பி வூட்டு நகலோட இதுக்கு அழகுப் போட்டியா?” என்றாள் மனைவி நீலாவதி.

சில வாரங்களில் அன்புச்செல்வன் மறுபடி வந்தான். வீட்டுக் கடனுக்கு வங்கியில் மூலத்தையே பார்க்க வேண்டும் என்றார்களாம். அர்ச்சுனன் கஞ்சி போட்ட சட்டையோடு கிளம்பினார். தங்கதுரையும் கூட வந்தான். அவன் பார்க்கட்டும் என்றுதான் அவருக்கும் இருந்தது.

மேனேஜர் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிளாஸ்டிக்குக்குள்ள இருக்கிறது முத்திரைத்தாளா, கலர் ஜெராக்ஸான்னு நான் எப்படிங்க சொல்றது? பதிவு ஆபீசுல சான்றிட்ட நகல் வாங்கியாங்க.”

மூலத்தை வைத்திருந்தவர் நகல் கேட்டு வரிசையில் நின்றார். தங்கதுரை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

வங்கியில் அந்தச் சான்றிட்ட நகலைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்ததும் அன்புச்செல்வன் விழித்தான். “இத யாரு வச்சிக்கிறது?” கை மட்டும் தங்கதுரை பக்கம் நீண்டிருந்தது.

“அண்ணன்கிட்ட குடுடா. அது அங்கதான் இருக்கணும்.”

அர்ச்சுனன் வாங்கிக்கொண்டார். சண்டை போட்டுப் பிடுங்கியிருந்தால் அதில் ஒரு கௌரவமாவது இருந்திருக்கும். இவன் மனம்வைத்துக் கொடுத்தல்லவா அவர் மூத்தவராக இருக்க வேண்டியிருக்கிறது! தம்பியின் அமைதியான முகத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.