இரண்டாவது மிதி

மதுரையில் கோச்சடை தாண்டும் முன்பே, முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காகச் சட்டென்று நின்றது. சிவபாண்டி பிரேக்கை மிதித்தான். கார் நிற்கவில்லை. மீண்டும் மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்த பிறகுதான் ஆட்டோவை உரசாமல் நின்றது. பக்கத்தில் மாலையை மடியில் வைத்திருந்த அவன் மனைவி ஜெயக்கொடி மூடிய கண்ணைத் திறக்கவில்லை. அவளுடைய தம்பி விக்ரம் செத்துப்போனது இந்தக் காரில்தான்.

முன்பக்கம் முழுவதையும் மாற்றி வேறு பெயிண்ட் அடித்து, முந்தின நாள்தான் வண்டி பட்டறையிலிருந்து வந்திருந்தது. பாண்டி கோயிலில் ஒரு பூசை போட்டுவிட்டு மறுபடியும் வாடகைக்கு ஓட்டலாம் என்பது சிவபாண்டியின் எண்ணம். "அழுதுக்கிட்டே கெடந்தா மாப்ள எந்திரிச்சு வந்துருவானா?" என்று காலையில் கேட்டான். அவள் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

அவர்கள் அதுவரை போயிராத ஒரு ஒர்க்‌ஷாப் சாலையோரத்தில் இருந்தது. தவ்பீக் என்று போர்டு போட்டிருந்தது. தவ்பீக் மட்டும் தனியாக இருந்தான். கையாள் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றான். குனிந்து பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தான். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கமும் விரலை விட்டுத் தடவிக்கொண்டே வந்து, பின்னால் இடது சக்கரத்தில் நின்றான். விரல் நனைந்திருந்தது.

"புதுப் பெயிண்டு அடிச்சுக் கல்யாண மாப்ள கணக்கா கொண்டாந்துருக்கீகண்ணே. உள்ள பூரா நோவால்ல இருக்கு."

"பட்டறையில நின்னுக்கிட்டே இருந்துச்சுப்பா. அதான்," என்றான் சிவபாண்டி.

சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுத்தியலால் தட்டி எடுத்தபோது உள்ளே எல்லாம் பிரேக் ஆயிலில் கசகசவென்று ஊறிக் கிடந்தது. வீல் சிலிண்டர் போய்விட்டது, வேறு போட வேண்டும் என்றான் தவ்பீக். அவனுடைய பைக்கை எடுத்துக்கொண்டு சிவபாண்டி கடைக்குப் போனான்.

ஜெயக்கொடி அங்கே கிடந்த பழைய டயரின்மேல் உட்கார்ந்திருந்தாள். கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"வண்டி முன்னாடி ஒருதடவ இடிச்சுருச்சு தம்பி. அதுல ஒடஞ்சுருக்குமோ?"

"மூஞ்சியில அடிபட்டா முதுகுல எதுக்குக்கா ஒழுகணும்?" அவன் திருப்புளியால் டிரம்மின் ஓரத்தைச் சுரண்டினான். தூசியும் எண்ணெயும் சேர்ந்து தார் மாதிரிக் கட்டியிருந்தது. சுரண்டச் சுரண்ட உள்ளே இன்னும் இருந்தது. "நிக்கிற வண்டியில தூசி இம்புட்டு அப்பாது. ஓடயில ஒழுகுனது இது, மாசக்கணக்குல. ஒழுக ஒழுக மேல ஆயில ஊத்தி ஓட்டிருக்காக. ஆயில் டப்பா மூடியப் பாருங்க, தெறந்து தெறந்து மர கழண்டுபோச்சு."

அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. விபத்துக்குப் பிறகு நேற்று வரை அந்த வண்டி ஓடவே இல்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றது, பிறகு பட்டறையில் நின்றது.

விக்ரம் கரும்பு ஏற்றி நின்ற டிராக்டரின் பின்னால் போய் மோதியபோது, சாலையில் டயர் தேய்ந்த தடமே இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார். தூங்கியிருக்கிறான் என்று எழுதி முடித்தார்கள். முகூர்த்த சீசன். காய்ச்சலில் படுத்துவிட்ட சிவபாண்டிக்குப் பதிலாக மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிவர விடியற்காலையில் கிளம்பிப் போனவன். முந்தின இரவு வெகுநேரம் அக்காளும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். சவத்தை எடுக்கும் முன்பு கூட்டத்துக்கு நடுவே சிவபாண்டிதான் சொன்னான்: "அவனத் தூங்க விடாம பேசிக்கிட்டுருந்தியேடி." அன்றிலிருந்து அவளால் பெற்ற தாயின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடிந்ததில்லை. அம்மா இருக்கும் சோழவந்தானுக்குப் போனாலும் அடுப்படியிலேயே நின்றுவிட்டு வந்துவிடுவாள்.

சிவபாண்டி சிலிண்டரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போன் வரவே எதிர்த்த டீக்கடைக்குப் பேசிக்கொண்டே போனான். தவ்பீக் அதை மாட்டி முடித்துக் கையைத் துடைத்தான்.

"அக்கா, பிரேக் லைன்ல ஏறுன காத்த எடுக்கணும். நான் அடியில இருப்பேன். நீங்க செத்த நேரம் ஏறி ஒக்காந்து மிதிக்கிறீகளா?"

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். அந்த இருக்கையில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"மிதிங்க."

மிதித்தாள். கால் எதிலும் படாமல் சேற்றில் இறங்குவதுபோல அடிவரை போயிற்று. தரையைத் தொட்டது. இதைத்தான் அவன் மிதித்திருக்கிறான். முழித்துக்கொண்டு, கண்ணெதிரே கரும்பைப் பார்த்துக்கொண்டு மிதித்திருக்கிறான்.

"விட்டு இன்னொருக்க மிதிங்க."

இந்தமுறை பாதியில் ஏதோ தடுத்தது.

எத்தனையோ தடவை அவள் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்திருக்கிறாள். வேகத்தடை வரும் முன்பே சிவபாண்டியின் கால் ஒன்று, இரண்டு என்று தட்டும். எதற்கு என்று கேட்டபோது, "மொத மிதி வண்டிய எழுப்ப, ரெண்டாவது மிதி நிப்பாட்ட" என்றான். அவள் சிரித்தாள். முகூர்த்தம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான். எதைப் பார்த்துக்கொள்வான் என்று அவளுக்கு அன்று தெரியவில்லை.

"பிடிச்சுக்கங்க." கீழே திருகு இளகும் சத்தம். பாட்டிலுக்குள் காற்று கொப்பளித்தது. "விடுங்க. மிதிங்க. பிடிச்சுக்கங்க." மிதிக்க மிதிக்கப் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது.

சிவபாண்டி திரும்பி வந்து ஜன்னலில் கையூன்றினான். முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது. "நாளைக்கே திருச்செந்தூர் வாடகை ஒண்ணு வந்துருக்கு. முடிஞ்சுதா?"

"அன்னைக்கு என் தம்பிக்கிட்டச் சொன்னீகளா?"

"என்னத்த?"

"ரெண்டு தடவ மிதிக்கணும்னு."

அவன் அவளைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தான். "அன்னைக்குக் காச்சல் ஜெயா. சாவியக் குடுத்தது கூட எனக்கு..." என்று தொடங்கி, கையை ஜன்னலிலிருந்து எடுத்துக்கொண்டான்.

சாலையில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே போனது.

"அம்புட்டுத்தேன், முடிஞ்சுச்சு," என்றான் கீழேயிருந்து தவ்பீக். "விடுங்கக்கா."

அவள் விடவில்லை. பெடல் இப்போது கல்லைப்போல நின்றது.

"அக்கா, காலை எடுங்க."

கால்விரல்கள் வெளுத்தன. இரண்டு கைகளாலும் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவள் இன்னும் அழுத்தி மிதித்தாள்.