கை நடுங்கும் ஆட்டம்

"நிறுத்துடீ அந்தக் கைய! மூணு வாட்டி சொல்லிக்கினு—"

"டான்ஸும்மா இது, நான் சொல்றத முழுசா—"

"எந்த ஊர்லடீ கைய நடுங்க வெச்சிக்கினு டான்ஸ் ஆடறாங்க?"

"நியூசிலாந்துல. மாவோரின்னு அந்த மண்ணோட பழைய ஜனங்க. மேரி மிஸ் அங்க ஏழு வருஷம் டீச்சரா இருந்தாங்க இல்ல, அவங்ககிட்டயே கத்துக்கினு வந்தாங்க. ஆண்டு விழாவுல நாங்க பன்னெண்டு பேரு ஆடப் போறோம்."

"ஆடுங்க. நல்லா ஆடுங்க. கைய மட்டும் நடுக்காத. இந்த வூட்ல வேணாம்."

அனுவின் அம்மா துளசி, தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த ராட்டையை நிறுத்திவிட்டு உள்ளறையைப் பார்த்தாள். கட்டிலில் அனுவின் அப்பா பரசுராமன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பேருந்து நிலையத்தில் டீ மாஸ்டராக இருந்தவர். கை எட்டுகிற உயரத்துக்குத் தூக்கி ஆற்றினாலும் ஒரு சொட்டு கீழே சிந்தாது. மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. "இன்னா மாஸ்டர், காத்தாலயே ஊத்திக்கினியா?" என்று கேலி பேசினார்கள். சாராயத்தை மோந்தும் பார்க்காத மனுஷன். இப்போது அரை டம்ளர் தண்ணீர் குடிக்கவும் பெண்டாட்டி பிடித்துக்கொள்ள வேண்டும்.

"வெயில் காலத்துல ரோட்டு மேல கானல் துடிக்குது இல்லம்மா, அதான் இது. அத்தத்தான் கையில காட்டணும்," என்றாள் அனு. குரலை லேசாக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன் பள்ளிக்கூட லேபில், அவள் பிடித்திருந்த டெஸ்ட் டியூப் ஸ்டாண்டில் பட்டுக் கிணுகிணுவென்றது. அன்று முதல் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே நடமாடினாள். பேனாவை நகம் வெளுக்கிற மாதிரி அழுத்திப் பிடித்து எழுதினாள். மேரி மிஸ் வகுப்புக்கு வந்து, "விரல் நுனி வரைக்கும் நடுங்கணும், யாரெல்லாம் வர்றீங்க?" என்று கேட்டபோது முதலில் எழுந்து நின்றவள் அவள்தான். அங்கே நடுங்கலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

"சாயங்காலம் நான் வந்து பாக்கறேன்," என்றாள் துளசி.

"நீ எதுக்கும்மா..."

"பாக்கறேன்."

சொன்னபடியே வந்தாள். பள்ளிக்கூட மைதானத்தில் பன்னிரண்டு பெண்கள் வெறுங்காலோடு வரிசையாக நின்று பாடி ஆடிக்கொண்டிருந்தார்கள். தெரியாத பாஷை. தரையில் கால் விழுந்தபோதெல்லாம் புழுதி எழும்பியது.

"சிம்ரன், கோழி றெக்கை அடிக்கிற மாதிரி இருக்குது. தோள் ஆடக் கூடாதும்மா, கை மட்டும். அனுவைப் பாரு!" என்ற மேரி மிஸ், துளசியிடம் திரும்பினாள். "உங்க பொண்ணு கையப் பாத்தீங்களா? நான் சொல்லிக்கூடத் தரல. எனக்கே இப்படி வர ரெண்டு வருஷம் ஆச்சு."

துளசி பார்த்தாள். அத்தனை பெண்களின் கைகளும்தான் நடுங்கின. காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் தளர்ந்து சிரித்துவிட்டாள்.

"நான் ஒரு பைத்தியம் மிஸ். காத்தால வூட்ல ஒரே கத்து."

அந்தச் சிரிப்பு அனுவின் காதில் விழுந்தது. பாட்டு முடியக் கூடாது. இன்னொரு வாட்டி முதலிலிருந்து பாடச் சொல்லக் கூடாதா மிஸ்?

மேரி மிஸ் கையை உயர்த்தினாள். எல்லோரும் ஒரே குரலாகக் கத்தி, தொடையில் அறைந்து, சிலையாக நின்றார்கள்.

பதினொரு பெண்களின் கைகள் அசையவில்லை. அனு தன் வலது கையைத் தொடையோடு வைத்து அழுத்தினாள். சுடிதார் துணி படபடத்தது. இடது கை தானாகப் போய் அதைப் பிடித்தது. அதற்கும் அடங்கவில்லை. செருப்புச் சத்தம் கிட்டே வந்து நின்றது. நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

துளசி அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து மூடினாள். மூடிய கைகளும் சேர்ந்து ஆடின.

"எத்தினி நாளா இப்பிடி இருக்குது, கண்ணு?"