மூன்று உறைக்குள் ஒரு மொட்டைக் கடிதம்

மொட்டைக் கடிதம் எழுதுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று சிங்காரம் நினைத்தான். இத்தனைக்கும் அதுவரை அவன் ஒன்றுகூட எழுதியதில்லை.

விஷயம் தண்ணீர். எழுபத்தெட்டாம் வருஷம், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், மலையிலிருந்து தொழிலாளர் லைன் வீடுகளுக்கு இறங்கும் குழாயில், ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி ரெங்கசாமி ஒரு வால்வைப் பொருத்தி, தண்ணீரைத் தன் முட்டைக்கோஸ் பாத்திக்குத் திருப்பிக்கொண்டார். லைனில் இருபத்திரண்டு வீடுகள். காலையில் அரை மணி நேரம் நூலாக ஒழுகும், அவ்வளவுதான். சிங்காரத்தின் மகளுக்கு மூன்று மாதம், உடம்பெல்லாம் கொப்புளம். மனைவி பாஞ்சாலை ஓடையிலிருந்து கலங்கல் தண்ணீரைச் சுமந்துவந்து, துணியில் வடிகட்டி, காய்ச்சிக் குளிப்பாட்டினாள். பார்க்கப் பார்க்க அவனுக்கு வயிறு எரிந்தது.

"நாலு வீட்டுக்காரங்கள கூட்டிக்கிட்டு நேரா தொரகிட்ட போய்ச் சொல்லுங்களேன்," என்றாள் பாஞ்சாலை.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது லா. கிராணிய பகைச்சா வேல போவும். வேல போனா இந்த வீடும் போவும். புள்ளய தூக்கிக்கிட்டு எங்க போறது?"

பயம் நியாயமானதுதான். அதற்கு அவன் கண்டுபிடித்த மருந்துதான் வேடிக்கை. இடது கையால் கடிதம் எழுதி, கோலாலம்பூர் தலைமை அலுவலக விலாசமிட்ட உறையில் போட்டான். அதைத் தாப்பா டீக்கடைக்காரர் பெயரெழுதிய இரண்டாவது உறைக்குள் வைத்தான். அந்த இரண்டையும் ரிங்லெட் காய்கறி வியாபாரி தங்கையாவின் பெயரிட்ட மூன்றாவது உறையில் திணித்து, லோரி ஓட்டும் செல்லையாவிடம் கொடுத்தான்.

"செல்லையாவுக்கு என்னய தெரியும், கடுதாசி எங்க போவுதுன்னு தெரியாது. டீக்கடைக்காரனுக்கு எங்க போவுதுன்னு தெரியும், என்னய தெரியாது. நடுவுல தங்கையாவுக்கு ரெண்டுமே தெரியாது. எவன் வந்து கண்டுபிடிப்பான்?" என்று பாஞ்சாலையிடம் மார்தட்டினான். அன்று முதல் அவன் நடையே மாறிப்போனது. தேயிலை ஆலையில் கிராணியைக் கண்டால் சிரித்துக்கொண்டே கும்பிடு போட்டான்.

கடிதம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. வழியில் ஒருவரும் பிரித்துப் படிக்கவில்லை, ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த மட்டில் சிங்காரத்தின் ஏற்பாடு பழுதில்லாதது. ஆனால் தலைமை அலுவலகத்தில் தமிழ் படிக்க ஆளில்லை. தோட்டத்தின் பெயர் மட்டும் மேலே ஆங்கிலத்தில் இருந்ததால், தோட்டத்துக் காகிதம் தோட்டத்துக்கே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோட்ட மேனேஜரான துரைக்கும் தமிழ் வாசிக்க வராது. தமிழில் எந்தக் காகிதம் வந்தாலும் அவர் செய்வதையே இப்போதும் செய்தார். பெரிய கிராணியைக் கூப்பிட்டார்.

ரெங்கசாமி தன் மேல் எழுதியிருந்த புகாரை நின்றபடியே முழுக்கப் படித்தார். பிறகு, "தண்ணி வசதிக்கு லைன் ஜனங்க நன்றி சொல்லியிருக்காங்க, சார்," என்றார். துரைக்கு மனம் குளிர்ந்தது. பத்திரப்படுத்தி வைக்கச் சொன்னார்.

மறுநாள் சிங்காரத்தை ஆபீசுக்கு அழைத்தார் கிராணி. மேசை மேல் கடிதத்தைக் கண்டதும் அவன் கேட்காமலேயே சொன்னான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா."

"எனக்குந்தாண்டா தெரியல. எழுத்து யாருதுன்னு தெரியல, ஒறையில தாப்பா முத்திர இருக்கு, அங்க எவன் போட்டான்னும் தெரியல." கிராணி நிதானமாக வாசித்தார். "'மூன்று மாதக் குழந்தையைக் குளிப்பாட்டக்கூட நீரில்லை.' ஏண்டா, லைன்ல மூணு மாசக் கொழந்த எத்தன இருக்கு?"

ஒன்றுதான் இருந்தது. இத்தனை உறை போட்டு மூடியவன், உள்ளே தன் மகளையே எழுதி வைத்திருந்தான். எழுதாமல் எப்படி இருப்பான்? அவனுக்கு வயிறு எரிந்ததே அதற்காகத்தானே!

"நான் ஒன்ன வெரட்டல," என்றார் கிராணி. "வால்வ பாத்துக்க ஆளு வேணும்னு தொரகிட்ட சொல்லிட்டேன். நாளையிலருந்து நீதான். காலையில ஆறு மணிக்கு லைனுக்கு தெறந்து ஆறரைக்கு அடைக்கணும். ஒரு நாள் மறந்தாலும் வீட்ட காலி பண்ணிடு."

சிங்காரம் தலையாட்டினான். வீட்டில் இந்தப் புது வேலையைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை.

ஒரு வாரத்துக்குள் தண்ணீரை அடைப்பவன் யார் என்று லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. செல்லையா முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினான். பெண்கள் சிங்காரத்தின் காதுபடவே சாபமிட்டு மண்ணை வாரித் தூற்றினார்கள். பாஞ்சாலை மட்டும் நம்பவில்லை. ஒரு நாள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கால் வாளி தண்ணீரோடு குழாய் போகும் வழியே மேட்டில் ஏறி வந்தாள். வால்வில் புருஷனின் கை இருந்தது.

அவள் கத்தவில்லை. கால் வாளியை அவன் முன்னால் வைத்தாள்.

"பாப்பாவுக்கு இன்னும் தண்ணி ரொம்பலங்க. ஒரு வாளி புடிச்சிக்கிறேன், அப்புறம் அடைங்க."

சிங்காரம் திரும்பி கிராணியின் வீட்டைப் பார்த்தான். ஜன்னல் திறந்திருந்தது. "நீ கீழ போ," என்று சொல்லிவிட்டு வால்வை இறுக்கினான்.