‘ஏனென்றால்’ என்று எழுதிய பிறகு

விசாரணை முடியும்போதே, தகராறைத் தீர்க்க இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட நடுவரம்மாவின் மனதில் முடிவு உட்கார்ந்துவிட்டது. நீச்சல் பள்ளி நடத்தும் அம்மையார் பக்கம்தான் நியாயம். அவரிடம் வேலை பார்த்த பயிற்சியாளர், விலகினால் இதே ஊரில் போட்டித் தொழில் செய்யமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர். விலகிய கையோடு பக்கத்துத் தெருவில் ஒரு நீச்சல்குளத்தை வாடகைக்குப் பிடித்து வகுப்பு தொடங்கிவிட்டார். போதாக்குறைக்கு வாய்த்துடுக்கு வேறு. என்ன கேட்டாலும் எடுத்தெறிந்துதான் பதில்.

கிளம்பும்முன் பள்ளியின் வக்கீல், யாருக்கு ஜெயம் என்று ஒரு வரி எழுதினால் போதுமே என்றார்.

“போதாதுங்க,” என்றார் நடுவர், இரு தரப்பும் கேட்க. “தோத்தவங்க எதனால தோத்தாங்கன்னு அந்தத் தாள்லயே தெரியணும். அவங்களோட முக்கியமான வாதத்துக்கெல்லாம் நான் பதில் எழுதணும்.”

மாலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். எதிரே கணவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ‘பயிற்சியாளர் பள்ளியோடு போட்டி போட்டார், ஏனென்றால்’ என்பதுவரை பேனா ஓடியது. அதற்குமேல் நகர மறுத்தது.

“என்ன, மை தீந்துடுச்சா?”

“காரணம் தீந்துடுச்சு.”

சாட்சியங்களை மறுபடி புரட்டினார். பள்ளி எடுப்பது பந்தயத்துக்குத் தயாராகும் பிள்ளைகளை மட்டும். பயிற்சியாளரிடம் வந்தவர்களோ தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் பெரியவர்கள். அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று அம்மையாரே சொல்லியிருந்தார். பள்ளியிலிருந்து ஒரு பிள்ளைகூட அங்கே போகவில்லை. அப்படியானால் போட்டி எங்கே?

‘ஏனென்றால் மரியாதையில்லாமல் பேசினார்’ என்று எழுத முடியுமா? முடியாது. ஆனால் மனம் அதைத்தான் காரணமாக வைத்திருந்தது. நடுவருக்கு முகம் சுட்டது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். இம்முறை பேனா தயங்கவில்லை. வகுப்பைப் பயிற்சியாளர் நடத்தலாம். ஆனால் தன் வாசல் பலகையில் பழைய பள்ளியின் பெயரைப் பெரிதாக எழுதியது தவறு, அதை எடுக்கவேண்டும்.

தீர்ப்பு கைக்கு வந்ததும் பயிற்சியாளர் சிலிர்த்துக்கொண்டார். “பேர் போட்டதுல என்னங்க தப்பு? அங்கதானே வேலை பாத்தேன்?”

“பாத்தீங்க. ஆனா வர்றவங்க இதுவும் பள்ளியோட கிளைன்னு நெனச்சாங்க. உங்ககிட்ட படிச்சவரே விசாரணையில வந்து அப்படித்தான் சொன்னார். கடைசிப் பக்கத்துல விளக்கமா இருக்கு. படிச்சும் புரியலைன்னா கேளுங்க.”

அவர் புருவம் நெரித்துப் படித்தார். “சரி, எடுத்துடறேன்,” என்றார்.

அம்மையார் இரண்டு முறை படித்தார். “தோத்தது பிடிக்கலைங்க. ஆனா எங்க கோட்டை விட்டேன்னு தெரிஞ்சுபோச்சு,” என்றவர், அங்கேயே வக்கீல் பக்கம் திரும்பினார். எது எது போட்டி என்று இனி ஒப்பந்தத்தில் விலாவாரியாக எழுதச் சொன்னார். அத்தோடு, பெரியவர்களுக்கும் வகுப்பு தொடங்கப்போவதாகச் சொன்னார்.

“தொடங்குங்க,” என்றார் பயிற்சியாளர். “பயந்தவங்க ஊர்ல நெறையப் பேர் இருக்காங்க.”